முதல் வரியில் யாருடைய பெயர்?

ஒப்பந்தம் என்று ஒரு கடதாசியை நீட்டினால் எங்கள் பெண்களின் கண் முதலில் தொகையில் போய் நிற்கும். அடுத்து திகதியைப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு கையொப்பமிடும் இடத்தைத் தேடி விரல் கீழே இறங்கிவிடும். தலைப்புக்குக் கீழேயுள்ள இரண்டு மூன்று வரிகளை வாசிப்பவர்கள் மிகக் குறைவு. "முதலாந் தரப்பினராகிய இன்னாரும் இரண்டாந் தரப்பினராகிய இன்னாரும்" என்று தொடங்கும் அந்த வரிகள் கலியாணக் காட்டில் போடும் பிள்ளையார் சுழி போலத் தோன்றுகின்றன. ஆனால் காசு தரவேண்டியவர் யார், பெறவேண்டியவர் யார் என்பதைச் சொல்வது அந்த வரிகள்தாம். அவை பிழைத்தால், கீழேயுள்ள தொகை எவ்வளவு பெரிதாக இருந்தும் அதைக் கேட்டுப் போவதற்கு ஒரு வாசல் இருக்காது.

நான் சட்டம் படித்தவள் அல்ல. 1995ஆம் ஆண்டு வலிகாமத்தை விட்டு வெளிக்கிடும்வரை கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் எழுதுவினைஞராக இருந்தேன். பிறகு வன்னி, முகாம், 2010இல் மீள்குடியேற்றம் என்று எல்லோரையும் போலத்தான் எனது காலமும் போயிற்று. இப்போது கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். கடதாசி வாசிக்கத் தெரிந்தவள் என்று ஊரில் ஒரு பெயர் எடுத்துவிட்டதால், சுயதொழில் செய்யும் சகோதரிகள் தங்கள் கடிதங்களையும் ஒப்பந்தங்களையும் என் வீட்டு விறாந்தைக்குக் கொண்டுவருவார்கள். அப்படி வாசித்து வாசித்துப் படித்த சிலவற்றையே இங்கே எழுதுகிறேன்.

2013ஆம் ஆண்டு எமது பக்கத்தில் எட்டுப் பெண்கள் சேர்ந்து பனையோலைப் பொருட்கள் செய்தார்கள். எட்டுப் பேரில் ஐந்து பேர் குடும்பத் தலைவிகள். கடகம், நீத்துப்பெட்டி, சாயம் போட்ட சின்னப் பெட்டிகள் என்று மாதம் மாதம் ஒரு வாகனத்தில் ஏற்றுவார்கள். வாங்குபவர் தென்பகுதியில் ஒரு நகரத்துக் கடைக்காரர். கடையின் பெயர் அச்சடித்த தாளில் ஒப்பந்தம் எழுதப்பட்டிருந்தது. வாங்குபவர் என்ற இடத்தில் கடையின் பெயர் மட்டும். கீழே ஒரு கையொப்பம். யாருடையது என்று வாசிக்க முடியாது. சரக்கை ஏற்ற வரும் தம்பிதான் அந்தக் கையொப்பத்தையும் இட்டிருந்தார்.

நான்கு மாதம் காசு ஒழுங்காக வந்தது. ஐந்தாம் ஆறாம் மாதச் சரக்குக்குக் காசு வரவில்லை. தொலைபேசியும் நின்றுவிட்டது. அதன் பிறகுதான் அந்தக் கடதாசி என்னிடம் வந்தது.

"ஆர் உங்களுக்குக் காசு தரவேணும்?" என்று கேட்டேன்.

"கடைதான் அக்கா" என்றார்கள்.

"கடை எண்டா ஆர்?"

ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கடை என்பது ஒரு பெயர்ப்பலகை. பெயர்ப்பலகைக்கு அழைப்பாணை கொடுக்க முடியாது. மத்தியஸ்த சபைக்குப் போனாலும் எதிர்த்தரப்பினரின் பெயர், முகவரி என்று படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. அதில் ஓர் ஆளை எழுத வேண்டும். விசாரித்துப் பார்த்தபோது அந்த வியாபாரப் பெயர் வேறொருவர் பேரில் பதியப்பட்டிருந்தது. அவர், "கடையை நான் கைமாற்றிப்போட்டன். இந்தச் சரக்கை நான் கேக்கேல்லை" என்று சொன்னார். கையெழுத்திட்ட தம்பி, "நான் சம்பளத்துக்கு நிண்டனான்" என்றார். கடையை வாங்கியவரோ, தனது பெயர் எந்தக் கடதாசியிலும் இல்லை என்றார். மூவரும் மூன்று பக்கம் கைகாட்ட, எட்டுப் பெண்களின் இரண்டு மாத உழைப்பு நடுவில் நின்றது. கடைசியில் பேச்சுவார்த்தையில் பாதிக்குக் குறைவான தொகையே கைக்கு வந்தது.

அந்தத் தாளில் ஒரேயொரு வரி சரியாக இருந்திருந்தால் மூன்று பக்கம் கைகாட்டியிருக்க முடியாது. அன்றிலிருந்து, எனது விறாந்தைக்கு வரும் ஒப்பந்தங்களில் தொகையை நான் கடைசியாகத்தான் பார்க்கிறேன்.

எங்களோடு ஒப்பந்தம் செய்ய வருபவர்கள் பெரும்பாலும் நான்கு வகையானவர்கள். யார் எந்த வகை என்று தெரிந்துகொண்டால் பாதிக் கவலை தீரும்.

முதலாவது, தனியொருவர் நடத்தும் வியாபாரம். இவற்றுக்கான வியாபாரப் பெயர்ப் பதிவைப் பிரதேச செயலகத்தில் செய்கிறார்கள். பதிவுச் சான்றிதழில் வியாபாரப் பெயரோடு உரிமையாளரின் பெயரும் இருக்கும். பெயரைப் பதிவதால் அந்தப் பெயர் சட்டத்தின் முன் ஓர் ஆளாகிவிடுவதில்லை. கடனுக்குப் பொறுப்பு உரிமையாளரே. ஆகவே ஒப்பந்தத்தில் உரிமையாளரின் முழுப் பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், முகவரி என்பன வரவேண்டும். "இன்ன பெயரில் இன்ன இடத்தில் வியாபாரம் நடத்தும் இன்னார்" என்று எழுதினால் ஆளும் இருக்கும், கடையும் இருக்கும்.

இரண்டாவது, பங்குடைமை. இரண்டு மூன்று பேர் சேர்ந்து நடத்துவது. இங்கேயும் பங்காளர்களின் பெயர்கள் தனித்தனியே வரவேண்டும். இது வாங்க வருபவர்களுக்கு மட்டுமல்ல, எங்களுக்கும் பொருந்தும். எட்டுப் பெண்கள் ஆளுக்கு 5,000 ரூபா போட்டு ஒரு தொழில் தொடங்கினால் முதல் 40,000 ரூபா. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. முதல் 1,000 ரூபாவுக்கு மேற்பட்டால் பங்குடைமை உடன்படிக்கை எழுத்தில் இருந்து, பங்காளர்கள் ஒப்பமிட்டிருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. 1840இல் ஆயிரம் ரூபா பெரிய காசு. இன்று ஒரு நாள் சந்தைச் செலவுக்கும் காணாது. ஆனால் எல்லை அதுதான். எழுத்தில் இல்லையென்றால், நாளைக்கு எங்களுக்குள் ஒரு பிணக்கு வரும்போது "நானும் பங்காளி" என்று சொல்லி உரிமை கேட்க முடியாமற் போகலாம். அதேநேரம், வெளியே கடன் கொடுத்தவர் எங்களைப் பங்காளர்களாகக் கருதி வழக்கு வைப்பதற்கு அது தடையாகாது. உள்ளே உரிமை இல்லை, வெளியே பொறுப்பு உண்டு என்ற நிலை எவருக்கும் வேண்டாம்.

மூன்றாவது, கம்பனி. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்படி பதியப்பட்ட கம்பனி சட்டத்தின் முன் ஒரு தனி ஆள். தனியார் கம்பனி என்றால் பெயரின் முடிவில் "(பிரைவேட்) லிமிட்டெட்" என்று இருக்கவேண்டும், பதிவு இலக்கம் "பீ.வீ." என்ற எழுத்துகளோடு தொடங்கும். கம்பனியின் கடிதங்களிலும் பற்றுச்சீட்டுகளிலும் பெயரும் இலக்கமும் தெளிவாக இருக்கவேண்டும் என்பது சட்டம். தாளின் தலைப்பில் அழகான படமும் ஆங்கிலப் பெயரும் இருந்து, இலக்கம் இல்லையென்றால் கேளுங்கள். கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பெயரைப் போட்டுத் தேடவும் முடியும். உங்கள் வீட்டில் கைத்தொலைபேசி வைத்திருக்கும் பிள்ளையிடம் சொன்னால் ஐந்து நிமிட வேலை.

கம்பனி தனி ஆள் என்பதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. கம்பனியின் கடனைப் பொதுவாகப் பணிப்பாளரின் சொந்தச் சொத்திலிருந்து கேட்க முடியாது. "நான் இருக்கிறன், பயப்பிடாதேங்கோ" என்று அவர் வாயால் சொல்வது அவரை ஒப்பந்தத்துக்குள் கொண்டுவராது. அவரும் பொறுப்பேற்க வேண்டுமென்றால், அவரது பெயரும் பிணையாளியாகத் தாளில் ஏறவேண்டும். அவரும் கையெழுத்திட வேண்டும்.

நான்காவது, சங்கங்கள். பதிவுசெய்யப்பட்ட கூட்டுறவுச் சங்கம் தன் பெயரிலேயே ஒப்பந்தம் செய்யலாம்; வழக்கும் வைக்கலாம். எங்கள் கிராமங்களிலுள்ள மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களுக்கும் பதிவும் யாப்பும் இருக்கின்றன. ஆனால் பத்துப் பேர் சேர்ந்து தாமே பெயர் வைத்துக்கொண்ட சுயஉதவிக் குழு, பதிவு இல்லாவிட்டால், தாளில் ஒரு பெயர் மட்டுமே. அதன் பேரில் கையெழுத்து வைக்கும் தலைவியின் தலையிலேயே பொறுப்பு வந்து விழக்கூடும். குழுவுக்கென்று வாங்கிய முற்பணத்தைத் தலைவியின் வீட்டு வாசலில் வந்து கேட்டதை நான் கண்டிருக்கிறேன். அந்தப் பிள்ளை தனது தையல் இயந்திரத்தை விற்று அதைக் கட்டியது. தாளில் அவளது பெயர் மட்டும் இருந்தது. "குழுவின் சார்பில்" என்ற சொல் எங்குமே இருக்கவில்லை. சங்கத்துக்காகக் கையெழுத்திடும் சகோதரிகள், சங்கத்தின் பெயரும் பதிவு இலக்கமும் முதல் வரியில் இருக்கின்றனவா என்று பாருங்கள். "சங்கத்தின் சார்பில், தலைவி" என்று எழுதிச் சங்க முத்திரையும் இடுங்கள். இன்னாருடன் இந்த ஒப்பந்தத்தைச் செய்யத் தீர்மானித்தோம் என்று கூட்ட அறிக்கையிலும் முதலில் எழுதிவிடுங்கள்.

இவ்வளவும் மற்றத் தரப்பைப் பற்றியது. எங்கள் தரப்பில் எங்கள் பெயரைச் சரியாக எழுதுவதுதான் எனக்குத் தெரிந்து அதிகம் மனம் நோகும் வேலை.

2014இல் ஒரு தங்கச்சி ஒப்பந்தம் ஒன்றைக் கொண்டுவந்தாள். மிளகாய்த்தூள், அரிசிமா இடித்துப் பொதி செய்து கொடுக்கும் தொழில். யுத்தத்துக்கு முன் கணவர் மில் வைத்திருந்தார். வியாபாரப் பதிவும் அவர் பெயரில். 2009 மே மாதத்துக்குப் பின் அவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. அவள் வாழ்வாதார உதவியோடு பழைய மில்லைத் திருத்தி மீண்டும் தொடங்கியிருந்தாள். பொருளை வாங்க வந்த நிறுவனத்துக்காரர் பழைய பதிவுச் சான்றிதழைப் பார்த்து, அதிலிருந்த கணவரின் பெயரையே விற்பவர் என்று எழுதிவிட்டார். "பேர் அவற்ற பேரிலேயே இருக்கட்டும், கையெழுத்தை நீங்கள் வையுங்கோ" என்றாராம்.

நான் அவளிடம் சொன்னேன்: "பிள்ளை, அவர் எழுதித் தந்த அற்றோணித் தத்துவம் இருந்தாத்தான் நீ அவருக்காகக் கையெழுத்து வைக்கலாம். அது இல்லை. இந்தத் தாள்ப்படி விக்கிறவர் அவர். செக் அவற்ற பேருக்கு வந்தா நீ எங்கை கொண்டுபோய் மாத்துவாய்? நாளைக்கு அவை காசு தராட்டி, நீ ஆர் கேக்க எண்டுவினம்."

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "என்ர பேருக்கு மாத்தினா, அவர் இல்லை எண்டு நானே எழுதிக் குடுத்தமாதிரி எல்லோ அக்கா?"

இந்தக் கேள்வியைப் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். இதற்கான பதிலை இங்கே எழுதுவதற்காகவே இந்தக் கட்டுரையைத் தொடங்கினேன் என்றும் சொல்லலாம்.

இல்லை, அப்படி ஆகாது. ஒரு பெண் தன் பெயரில் புதிதாக வியாபாரப் பெயர் ஒன்றைப் பதிவது, "இத்தொழிலை நான் நடத்துகிறேன்" என்று சொல்வது மட்டும்தான். கணவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. கணவர் பக்கத்தில் இருக்கும் பெண்களும் தம் பெயரில் பதிகிறார்கள். அதற்கு மரணச் சான்றிதழ் எடுக்கத் தேவையில்லை. அவர் திரும்பி வந்தால் அவருக்கு எந்தக் குறையும் வராது. கடன் இல்லாத ஒரு தொழில் இருக்கும்.

அவள் மூன்று கிழமை யோசித்தாள். பிறகு பிரதேச செயலகத்துக்குப் போய் தன் பெயரில் பதிந்தாள். புது ஒப்பந்தத்தில் விற்பவர் என்ற இடத்தில் அவளது முழுப் பெயர் வந்தது. மில் வாசலில் புதுப் பலகை போட்டாள். கணவரின் காலத்துப் பலகையை எறியவில்லை. துடைத்து உள்சுவரில் மாட்டி வைத்திருக்கிறாள்.

காணாமற்போனவர்களின் குடும்பங்களுக்கு மரணச் சான்றிதழ் ஒன்றுதான் வழி என்ற நிலை அப்போது இருந்தது. 2010ஆம் ஆண்டின் மரணப் பதிவு தற்காலிக ஏற்பாடுகள் சட்டத்தை 2016இல் திருத்திய பின், மரணம் என்று பதியாமல், காணாமற்போனவர் என்பதற்கான சான்றிதழைப் பெறும் வழியும் வந்திருக்கிறது. வங்கி, சொத்து அலுவல்களில் கணவரின் பெயர் குறுக்கே வரும் சகோதரிகள் இதைப் பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

ஒப்பந்தத்தில் காணி சேர்ந்திருந்தால் மட்டும் அவசரப்பட வேண்டாம். காணியை விற்பதும் ஈடு வைப்பதும் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு நடக்கவேண்டியவை. அத்தோடு, தேசவழமைக்கு உட்பட்ட திருமணமான பெண் தன் சீதனக் காணியைக் கைமாற்றுவதற்கும் கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்று 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. கணவர் இருக்குமிடம் தெரியாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து அனுமதி பெறும் வழியும் அதே சட்டத்தில் இருக்கிறது. இதற்குச் சட்டத்தரணி ஒருவரின் உதவி தேவை. கட்டணம் கட்ட வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளை அலுவலகத்தை நாடலாம்.

இன்னொரு சங்கடமும் எங்களிடம் உண்டு. ஒரே பெண்ணுக்கு மூன்று பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒன்று. அடையாள அட்டையில் தகப்பனின் பெயரோடு ஒன்று. கலியாணத்துக்குப் பின் திறந்த வங்கிப் புத்தகத்தில் கணவரின் பெயரோடு இன்னொன்று. ஊரில் கூப்பிடும் வீட்டுப் பெயர் வேறு. இடம்பெயர்வில் பத்திரங்கள் தொலைந்து, பிரதி எடுத்தபோது எழுத்துப் பிழைகளும் சேர்ந்துவிட்டன. ஒப்பந்தத்தில் எந்தப் பெயர் இருக்கிறதோ அந்தப் பெயருக்குத்தான் காசோலை வரும். ஆகவே அடையாள அட்டையிலுள்ள பெயரை அப்படியே எழுதுவித்து, வங்கிப் புத்தகத்தில் வேறு மாதிரி இருந்தால் "இன்ன பெயராலும் அறியப்படும்" என்று பக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். அட்டை இலக்கம் பழையதென்றால் ஒன்பது எண்களும் ஓர் எழுத்தும். 2016 தொடக்கம் வந்த புதிய அட்டையில் பன்னிரண்டு எண்கள். மாறியிருந்தால் இரண்டையும் எழுதலாம்.

முகவரியும் அப்படியே. அட்டையில் இருப்பது இடம்பெயர முன்னிருந்த ஊராக இருக்கலாம். அறிவித்தல்கள் நீங்கள் இப்போது இருக்கும் இடத்துக்கு வரவேண்டும். "நிரந்தர முகவரி", "தற்போது வசிக்கும் முகவரி" என்று இரண்டையும் போடுவது நல்லது.

ஒப்பந்தம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால், முதல் வரியையும் கையொப்பப் பகுதியையும் மட்டுமாவது தெரிந்த ஒருவரைக் கொண்டு வாசிப்பித்துக் கேளுங்கள். மேலே எழுதிய ஆளும் கீழே கையெழுத்திடும் ஆளும் ஒருவரா? வேறொருவர் என்றால் அவர் யாருக்காக, என்ன பதவியில் கையெழுத்திடுகிறார்? அந்த அதிகாரத்தைக் கொடுத்த கடிதம் இருக்கிறதா? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்தால் போதும். பிறகு ஒரு பிரதியை வாங்கி மழைத்தண்ணீர் படாத இடத்தில் வையுங்கள். எழுத்திலுள்ள ஒப்பந்தத்தின் மீது வழக்கு வைக்க 6 வருடம் வரை காலம் உண்டு. எழுத்தில்லாமல் சரக்கை விற்றுக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் 1 வருடத்தோடு அந்த வழி அடைபட்டுவிடும்.

"இப்பிடிக் கேட்டா, எங்களில நம்பிக்கை இல்லையோ எண்டு நினைப்பினமே" என்று சகோதரிகள் தயங்குகிறார்கள். வாங்க வருபவர் உங்கள் அடையாள அட்டையின் பிரதியைக் கேட்காமல் போகிறாரா? அவர் கேட்பது வழக்கம் என்றால் நீங்கள் கேட்பதும் வழக்கம்தான். "ஐயா, எங்கட சங்கத்தில் ஒரு கோவை வைக்கிறம். உங்கட பதிவுப் பிரதியும் அதிலை வேணும்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். நேர்மையாகத் தொழில் செய்பவர் கோபிக்கமாட்டார். கோபிப்பவரை அந்தக் கேள்வியே எங்களுக்கு அடையாளம் காட்டிவிடும்.

அன்பான சகோதரிகளே, முகாமில் நிவாரண அட்டையில், வரிசையில், பட்டியலில் எங்கள் பெயரை மற்றவர்களே எழுதினார்கள். பிழையாக எழுதினாலும் பேசாமல் இருந்தோம். உழைத்துச் செய்த பொருளுக்கு எழுதும் ஒப்பந்தம் அப்படியானதல்ல. அதில் உங்கள் பெயர் எழுத்துப் பிழையில்லாமல், உங்கள் பெயராகவே இருக்கவேண்டும். எதிரே இருப்பவரின் பெயரும் அப்படியே இருக்கவேண்டும். அந்த இரண்டு பெயர்களையும் விரலால் தொட்டு வாசித்த பிறகு பேனையை எடுங்கள்.